மூணாவது ஆள் வந்தாச்சா

ரோடு ரோலர் ஓட்டுகிற ஒருவரைக் காட்டி, இவர் நாட்டுக்காக வெளிநாட்டில் சைக்கிள் பந்தயம் ஓடியவர் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எனக்கும் வந்தது. உலகத்திலேயே மெதுவாகப் போகிற வண்டியின் மேல், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பெரம்பலூர் - அரியலூர் சாலையில் ஒரு நாளைக்கு இரண்டு பர்லாங்கு தூரத்தை முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். எருமை மாடு அவரைத் தாண்டிப் போகும். அதற்கும் கையைக் காட்டி வழி விடுவார்.

பெயரெல்லாம் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அவர் ரோலர்காரர்தான். நான் மட்டும் அண்ணே என்பேன். நாற்பதை நெருங்கிய வயது. பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியதுபோல இரண்டு பருத்த கெண்டைக்கால்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சாலை வேலையில் அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கும் வேலையில் இருந்தேன். மறுமுனையைப் பிடிப்பவர் நிரந்தர ஊழியர். நான் பிடித்தது தற்காலிக முனை.

சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரிகள் இருவர் சாலையைப் பார்வையிட வந்தார்கள். இருவருக்கும் நீளமான கால்கள், அதைவிட நீளமான அவசரம். அவர்கள் முன்னால் பேசிக்கொண்டே போக, நான் டேப், குச்சி, நோட்டு, அவர்களுடைய குடை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பின்னால் ஓடினேன். ஓடி ஓடி நூறடி பின்தங்கிவிட்டேன். அப்போது எதிரே வந்துகொண்டிருந்த ரோலர் நிதானமாகத் திரும்பி, சாலைக்குக் குறுக்கே போய் நின்றது. அதிகாரிகளும் நிற்க வேண்டியதாயிற்று.

என்னய்யா என்று அதட்டினார் பெரிய அதிகாரி.

"மூணாவது ஆள் இன்னும் வரலைங்க சார்" என்றார் ரோலர்காரர், மேலே இருந்தபடியே.

நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் ரோலரை நேராக்கிக்கொண்டு போய்விட்டார். அதிகாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

அதன்பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நூறு தடவை கேட்டேன். டீக்கடையில் நாங்கள் இரண்டு பேராகப் போய் உட்கார்ந்தாலும், டீ சொல்வதற்கு முன்னால் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணாவது ஆள் வந்தாச்சா?" என்பார். யாரும் வரவேண்டியதில்லை அண்ணே என்றால், வருவாங்க, கொஞ்சம் பொறு என்பார். பெரும்பாலும் வந்தும்விடுவார்கள். இன்னொருவர் வாங்கித் தரும் டீக்கு ஆள் வராத ஊர் ஏது? கொட்டகையில் படம் தொடங்கிய பிறகும் இருட்டில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரோடு படத்துக்குப் போனால் முதல் பத்து நிமிஷம் கதை புரியாது. எனக்கு எரிச்சலாக வரும். இவருக்கு ஏதோ கழன்றிருக்கிறது என்றுகூட நினைத்ததுண்டு.

கீழப்பழுவூரில் எங்கள் தார் மேஸ்திரியின் மகளுக்குக் கல்யாணம். மேஸ்திரி எங்கள் கும்பலிலேயே பெரிய உருவம். தார் டின்னை ஒற்றைக் கையில் தூக்குகிறவர், மகள் கல்யாணத்தில் மட்டும் எதைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றார். முதல் பந்தி தொடங்கும்போதே சமையல்காரர் ஒரு வாளி பாயசத்தைக் காணோம் என்று கூச்சல் போட்டார். பெண்ணின் மாமன்காரர் சமையல்காரரைச் சந்தேகப்பட்டார், சமையல்காரர் மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தேகப்பட்டார். பேச்சு தடித்து அடங்குவதற்குள் இரண்டு பந்தி முடிந்துவிட்டது. பாயசமும் தீர்ந்துவிட்டது. மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மேளக்காரர்கள், தண்ணீர் இறைத்தவர்கள், இலை எடுத்தவர்கள், அப்புறம் நம் ரோலர்காரர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் மூன்றாம் பந்தியில்தான் உட்காருவார். சாம்பார் ஊற்றி முடித்த சமயத்தில் மெதுவாக எழுந்து வெளியே போனார். அப்போது அந்தப் பக்கம் நடந்த சாலை வேலைக்காகத் தெருமுனையில் நிறுத்தியிருந்த ரோலரின் இருக்கைக்குக் கீழிருந்து, துணி கட்டிய வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்க்க, தானே பரிமாறினார். அன்று தவில்காரர் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார். மேஸ்திரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "என் வூட்டுக் கல்யாணத்துல கடைசி ஆளு வரைக்கும் நெறைஞ்சுதுய்யா" என்று அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மழைநாளில் வேலை நின்றுவிட்டது. ரோலர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் போட்டோவைக் காட்டினார். தகரப் பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவரேதான். இளவயது. உடம்பு சைக்கிளோடு ஒட்டிப் படுத்திருக்க, கண்ணில் வெறி. பின்னால் பெரிய கூட்டம், மேலே பல நாட்டுக் கொடிகள்.

"என்னைப் பாக்காத. இந்த ஓரத்துல பாரு" என்றார்.

ஓரத்தில், வெகு தூரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு இன்னொரு சைக்கிள்காரன் தெரிந்தான்.

நால்வர் அணியாக ஓட்டும் பந்தயமாம் அது. திருவிழாவில் மரணக்கிணறு பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும். வட்டமான ஓடுதளத்தின் ஓரம் அப்படிச் சாய்ந்து எழுந்து நிற்கும். ஒரு பக்கம் நம் நாட்டு நால்வர், நேர் எதிர்ப்பக்கம் வேற்று நாட்டு நால்வர். துப்பாக்கி வெடித்ததும் ஒரு அணி மற்றொன்றைத் துரத்த வேண்டும். நாலு கிலோமீட்டர். சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். ஒருவர் பின்னால் ஒருவராக, நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் போவார்கள். முன்னால் இருப்பவன் மொத்தக் காற்றையும் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வான். பின்னால் இருப்பவர்களுக்கு மிதிப்பது லேசாக இருக்கும். ஒரு சுற்று ஆனதும் அவன் மேட்டுப்பக்கம் விலகி, மற்ற மூவரையும் போகவிட்டு, வாலில் வந்து ஒட்டிக்கொள்வான். அடுத்தவன் காற்றை வாங்குவான். நாலு பேரில் ஒருவன் களைத்துப் பின்தங்கினாலும் பரவாயில்லை. ஆனால் மூன்று பேர் வந்தாக வேண்டும். முதலில் வருகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் கடிகாரத்தை நிறுத்துவார்கள்.

"கடைசி ரெண்டு சுத்து இருக்கறப்ப என் முறை வந்துச்சு" என்றார். "ஜனம் கத்துது. காலு பறக்குது. இன்னைக்கு நான் யாருன்னு காட்டிர்றேன்னு அடிச்சேன் பாரு, அப்படி ஒரு அடி. கோட்டைத் தாண்டிட்டுக் கையைத் தூக்குனேன். திரும்பிப் பாத்தா பின்னால ஒருத்தன்கூட இல்ல. நாலாவது ஆளு முன்னமே விழுந்துட்டான். மூணாவது ஆளு அந்த ஓரத்துல, காலு செத்துப்போயி வந்துக்கிட்டிருக்கான். நான் முன்னால போனதுலதான் அவன் அறுந்துபோனான். நான் ஜெயிச்சேன் தம்பி. நாங்க தோத்தோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தன் முட்டாள்தனத்தை நினைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு விட்டிருந்தால் அவர் ரோலர்காரர் இல்லை. புதிதாக உருட்டிய சாலை எப்படி இருக்கிறது என்று சைக்கிள் விட்டுப் பார்த்தால்தான் தெரியும், மேடு பள்ளத்தை உட்காரும் இடம் சொல்லிவிடும் என்று ஒரு சாக்குச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்னையும் மேஸ்திரியையும் இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். நாலாவது ஆள் பெரம்பலூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாய். சைக்கிள்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டு வைத்திருப்பார். தன் வண்டிகளை இந்த முரடர்களிடம் தனியாக விட மனசில்லாமல் கூடவே வந்தவர், வந்து வந்து பழகிவிட்டார்.

நால்வரில் நான்தான் மட்டம். எனக்கு எப்போதும் ஏழாம் நம்பர் சைக்கிள். அதன் பின் மட்கார்டு கடகடவென்று ஆடும். பாய் ஒரு நாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முடுக்க வந்தார். ரோலர்காரர் கையைப் பிடித்துவிட்டார். ஆடட்டும் பாய், அது அப்படியே இருக்கணும் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. மானம் போகிற சத்தத்தோடு நான் ஊரைச் சுற்றினேன்.

கார்த்திகை மாதம். வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு ரோலர் ஷெட் வாசலில் என் அப்பா வந்து நின்றார். தா.பழூர் பக்கம் வயல் கூலி அவர். எங்கள் தெருவில் யாருக்கும் அதுவரை அரசாங்கக் கவர் வந்ததில்லை. வந்திருந்தால் அது கோர்ட்டிலிருந்து வந்ததாக இருக்கும். திங்கட்கிழமை என் பெயருக்குப் பழுப்புக் கவர் வந்ததும், உன் மகனுக்கு வேலை போலிருக்கு என்று தபால்காரர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்ட நாளில் பிரிக்கக்கூடாது என்று தெரியும். மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பஸ் மாறி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

பிரித்தேன். மெட்ராசில் ஓவர்சியர் வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை என்றால் மறுநாள்.

பெரம்பலூருக்கு அன்றும் ரயில் கிடையாது, இன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அப்பா வந்ததுதான் கடைசி பஸ். ஏதோ தகராறில் எல்லாப் பக்கத்துச் சாலையிலும் கல்லைப் போட்டு மறியல் தொடங்கிவிட்டது, லாரிகூட நகரவில்லை. சைக்கிளையும் மாட்டுவண்டியையும் நடந்து போகிறவர்களையும் மட்டும் விட்டார்கள். அரியலூரில் ஐந்து மணிக்கு மெட்ராஸ் வண்டி. அது போனால் வேலை போச்சு. யார் யாரிடமோ வண்டி கேட்டு அலைந்து, திரும்பி வந்து சொன்னபோது மணி மூன்று.

அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "நல்ல நாளா பாத்துக் குடுக்கலாம்னு நெனச்சேம்பா. கெடுத்துப்புட்டேனே."

ரோலர்காரர் ரோலரிலிருந்து இறங்கி வந்து அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார். "நல்ல நாள்தாங்கய்யா. இன்னும் பொழுது சாயலியே" என்றார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஜும்மா தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியிருந்த பாய், விஷயத்தைக் கேட்டதும் வாசல் பலகையைச் சாத்திவிட்டு நாலு சைக்கிளை வெளியே எடுத்தார். "என் வண்டிங்க வேலைக்குப் போவுதுன்னா நானும் போவணும்ல. அல்லா இருக்கான், ஏறுங்க" என்றார்.

முப்பது கிலோமீட்டருக்கும் கூட. கார்த்திகை மாதத்துக் கீழ்க்காற்று நேர் எதிரே அடித்தது. தனியாகப் போயிருந்தால் இரண்டரை மணி நேரமாகியிருக்கும். நடுவில் நான் எங்காவது புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆளுக்கு இருபது தந்திக்கம்பம் என்று ரோலர்காரர் முறை வைத்தார். முதல் இருபது அவர். முடிந்ததும் வலப்பக்கம் விலகிப் பின்னால் வந்தார். மேஸ்திரி முன்னால் போனபோது கதவுக்குப் பின்னால் நிற்பது மாதிரி காற்றே இல்லை. பாய் போனபோது கொஞ்சம் வீசியது, அவர் ஒல்லி. என் முறை வந்ததும் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளியது. பத்து கம்பத்துக்குள் நாக்குத் தள்ளிவிட்டது. போதும் விலகு என்றார் பின்னாலிருந்து. அடுத்த சுற்றில் எனக்கு ஐந்து கம்பம்தான் கொடுத்தார். அதற்கடுத்த சுற்றில் என்னைக் கூப்பிடவேயில்லை.

பாதி தூரம் தாண்டியதும் என் கால்கள் என்னுடையவை இல்லாமல் போயின. முன்னால் போகிறவருக்கும் எனக்கும் இடைவெளி விழுந்தது. கத்துவதற்கும் மூச்சில்லை. ஆனால் முன்னால் இருந்த ரோலர்காரர் திரும்பிப் பார்க்காமலே வேகத்தைக் குறைத்தார். நான் ஒட்டிக்கொண்டதும் மறுபடி கூட்டினார். மறுபடி பின்தங்கினேன், மறுபடி குறைத்தார். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. என் மட்கார்டு. அந்தக் கடகட சத்தம் தூரமானால் அவர் கால் தானாக மெதுவாகிறது. கிட்டே கேட்டால் தானாக எழுகிறது. அதற்குத்தான் பாயை முடுக்கவிடாமல் வைத்திருந்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அதைச் சாபம் போட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு அவர் விலகவே இல்லை. இருபது, நாற்பது, அறுபது கம்பங்கள். மேஸ்திரி முறை கேட்டார், பாய் கேட்டார்; தலையை ஆட்டிவிட்டார். சட்டை நனைந்து முதுகெலும்பு தெரிந்தது.

அரியலூரை நெருங்கியபோது ரயில்வே கேட் கண்ணில் பட்டது. அதைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் ஸ்டேஷன். கேட் கீப்பர் அப்போதுதான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கம்பு இறங்க ஆரம்பித்தது. வண்டி ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருக்கிறது. கேட் விழுந்தால் அது போன பிறகுதான் திறக்கும்.

அந்த இடத்தில் அவர் ஒரு அடி அடித்திருந்தால் கேட்டைப் பறந்து தாண்டியிருப்பார். அவர் கால்கள் அதற்குத் துடித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அடிக்கவில்லை. என் மட்கார்டு சத்தத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, நான் தாங்கக்கூடிய வேகத்துக்கு ஒரு நூல் கூடாமல், குறையாமல் இழுத்துக்கொண்டு போனார். கேட்டுக்கு ஐம்பது அடி இருக்கும்போது வலப்பக்கம் விலகினார்.

"போ" என்றார். அவ்வளவுதான் அவரிடம் மிச்சமிருந்தது.

பாய் தலையைக் குனிந்து நுழைந்தார். மேஸ்திரி நுழைந்தார். என் முதுகை உரசிக்கொண்டு கம்பு இறங்கியது. திரும்பிப் பார்க்காதே என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறார், பார்க்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஏழாம் நம்பரின் முன்சக்கரம் படியில் மோதி நின்றபோது வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்துகொண்டிருந்தது. பாய் டிக்கெட்டுக்கு ஓடினார். மேஸ்திரி என்னைத் தார் டின் மாதிரி தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். பழுப்புக் கவரைச் சட்டைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வேர்வையில் மஞ்சள் கரைந்து மார்பெல்லாம் ஒட்டியிருந்தது.

வண்டி நகர்ந்து கேட்டுக்கு வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வெங்காய மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றுக்குப் பக்கத்தில், சைக்கிள் ஹாண்டில்மேல் கவிழ்ந்து கிடந்தார். வண்டிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினார். ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினார். என்னைக் கண்டதும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

நானும் மூன்று விரலைத் தூக்கினேன்.

மனிதர் சிரித்த சிரிப்பை எப்படிச் சொல்வது. போட்டோவில் முதலாவதாக வந்தவன் முகத்தில்கூட அது இல்லை. அடுத்த நொடி அவர் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கேட் திறக்க அவர் காத்திருக்கவில்லை. சைக்கிளை அப்படியே மேற்கே திருப்பி, ஏறி, வந்த வழியே மிதிக்க ஆரம்பித்தார். காற்று இப்போது அவர் முதுகில் அடித்தது.

எதற்கு இப்படிப் போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா சொன்னார். அன்று அப்பா வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் ரோலர் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து ரோலர்காரர் வந்து இறங்கினாராம். நிற்க முடியாமல் ரோலர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டினாராம்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலப்பா" என்றார் அப்பா. "அப்பறம் சொன்னாரு. 'மூணாவது ஆளு வண்டி ஏறியாச்சுங்கய்யா. வாங்க, இப்பச் சாப்புடலாம்'னாரு."